"தேவைப்பட்டால் கொடுக்கவும்" – யாருடைய தேவை?



சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்ததும் எமது பெண்கள் கேட்கின்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "முழுசா மயக்குவினமோ, இடுப்புக்குக் கீழ விறைக்கப் பண்ணுவினமோ?" அதற்குப் பின்னர் வருகின்ற இரண்டு மூன்று நாட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வெட்டும்போது வலி தெரியாது. விறைப்பு விட்ட பிறகுதான் வலி தொடங்குகிறது. அந்த வலிக்கு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் வைத்தியர் எழுதி வைக்கின்ற இரண்டொரு வரிகள்தான் தீர்மானிக்கின்றன. இந்த மாதம் அந்த வரிகளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2009இல் தொடையில் ஏறிய செல் துண்டு பல வருடங்களாக உள்ளேயே இருந்தது. 'பீஸ்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது இடம் மாறி, சீழ் கட்டி, நடக்க முடியாத நிலை வந்த பிறகே அதை எடுப்பதற்கு ஒத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் பார்க்கப் போனேன். முகம் வீங்கி, கண் சிவந்து கிடந்தார்.

"இரவு எப்பிடியக்கா?"

"விடியுமட்டும் கண் மூடேல்லைப் பிள்ளை."

"மிஸ்ஸிட்டச் சொல்லேல்லையோ?"

"அவையள் பாவம், ஓடித் திரியினம். எனக்கு மட்டுமே நோகுது? மாத்தளனில மயக்க மருந்தில்லாமல் தையல் போட்டதையே தாங்கினனான். இது என்ன?"

தாதிய உத்தியோகத்தரிடம் போய்க் கேட்டேன். நல்ல பிள்ளை. உடனே கட்டிலில் இருந்த 'டிக்கெட்டை' எடுத்துக் காட்டினார். வலி ஊசியின் பெயருக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' என்று மூன்று எழுத்துகள் மட்டுமே இருந்தன. லத்தீன் மொழியில் அதற்குத் 'தேவையேற்படின்' என்று பொருள். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றோ ஒரு நாளில் எத்தனை தடவை என்றோ எழுதப்பட்டிருக்கவில்லை. "அவ கேட்டிருந்தால் குடுத்திருப்பன் அக்கா. ரெண்டு தரம் வந்து பார்த்தனான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. நித்திரை எண்டு நினைச்சன்" என்றார்.

இதில் யாரைக் குறை சொல்வது? வைத்தியர் மருந்து எழுதியிருக்கிறார். மருந்து விடுதியில் இருந்திருக்கிறது. தாதியும் இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறார். இருந்தும் ஒரு பெண் இரவு முழுவதும் வலியோடு கிடந்திருக்கிறார். அந்த மூன்று எழுத்துகள், 'தேவை எது' என்று தீர்மானிக்கும் பொறுப்பை, வாய் திறந்து கேட்கவே பழகாத ஒருவரின் தலையில் போட்டுவிட்டன.

கேட்கப் பழகாமற் போனதற்கும் காரணம் உண்டு. 2009 ஜனவரி முதல் மே வரை வன்னியின் தற்காலிக வைத்தியசாலைகளுக்குச் சத்திரசிகிச்சைப் பொருட்கள் போதியளவு போய்ச்சேரவில்லை என்பது 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையிலும் பதிவாகியிருக்கிறது. அங்கு இருந்தவர்களுக்கு அறிக்கை தேவையில்லை. கேட்டாலும் கிடைக்காது என்ற இடத்தில் பல மாதங்கள் இருந்தவர், கேட்டால் கிடைக்கும் என்ற இடத்துக்கு வந்த பிறகும் கேட்க மாட்டார். "பொறுத்துக்கொள்பவளே நல்ல பெண்" என்று வீட்டில் சொல்லி வளர்த்ததும் இதனோடு சேர்ந்துகொள்கிறது.

இது எமது நாட்டில் மட்டும் உள்ள பிரச்சினையும் அல்ல. 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, இதயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளைக் கணக்கெடுத்தது. ஆண்களுக்கு வலி மருந்து கூடுதலான தடவைகளும், பெண்களுக்குப் பதற்றத்தைத் தணித்து உறங்க வைக்கும் மருந்து கூடுதலான தடவைகளும் கொடுக்கப்பட்டிருந்தன. ஆண் முனகினால் அது வலி, பெண் முனகினால் அது பதற்றம்! கட்டளை எவ்வளவு தெளிவற்றதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இப்படியான எண்ணங்கள் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது.

அன்று காலை சுற்றுக்கு வந்த வைத்தியரிடம் தாதியே விடயத்தைச் சொன்னார். அவர் கோபிக்கவில்லை. பழைய வரியை வெட்டிவிட்டு இரண்டு பகுதியாக எழுதினார். முதற் பகுதி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடுக்கவேண்டியது: பரசிற்றமோல் 500 மி.கி. குளிசை 2, வாயால், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 3 நாட்களுக்கு. இரண்டாம் பகுதி, அதற்கு மேலும் வலித்தால் கொடுக்கவேண்டியது: மருந்தின் பெயர், அளவு, ஊசியா குளிசையா, இரண்டு தடவைகளுக்கு இடையே குறைந்தது எத்தனை மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் ஆகக்கூடியது எத்தனை தடவை, வலி எந்த அளவுக்கு வந்தால் கொடுப்பது, எந்த அறிகுறி கண்டால் கொடுக்காமல் வைத்தியரைக் கூப்பிடுவது. எழுத ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. அடுத்த இரவு கடமைக்கு வந்த தாதி, அக்காவை முன்பின் அறியாதவர். ஆனாலும் அவர் யாரையும் கேட்காமலே செய்யவேண்டியதைச் செய்தார்.

வலியின் அளவு என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாவிட்டால் 0, நினைத்துப் பார்க்கக்கூடிய ஆகக் கொடிய வலி 10. இதில் உங்களுடையது எத்தனை என்று கேட்பார்கள். அசையாமல் படுத்திருந்துகொண்டு "இரண்டு" என்று சொல்லிவிடாதீர்கள். இருமும்போது, எழும்பி இருக்கும்போது, கழிவறைக்கு நடக்கும்போது எத்தனை என்று சொல்லுங்கள். அதுதான் முக்கியம். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்செடுக்காமலும் இருமாமலும் இருந்தால் நெஞ்சில் சளி கட்டிக் கிருமி தொற்றலாம். அசையாமலே கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். வலி மருந்து எழும்பி நடமாடுவதற்காகத்தான். அதைச் சொகுசு என்று நினைக்கவேண்டாம்.

"பழகிப்போகும், பிறகு விடேலாது" என்ற பயத்தில் மோர்பின் போன்ற ஊசிகளை மறுக்கிற பெண்களையும் கண்டிருக்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் பின் சில நாட்களுக்கு, எழுதியபடி கொடுக்கப்படும்போது அந்தப் பயம் பெரிதாகத் தேவையில்லை. கவனிக்கவேண்டியது வேறு. தட்டியும் எழும்பாத அளவுக்கு மயக்கமாக இருந்தால், மூச்சு மெதுவாகிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் உடனே தாதியைக் கூப்பிடவேண்டும். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கும் மருந்து கேட்கலாம்.

இந்த இதழ் தாதியச் சகோதரிகள் சிலரின் கைக்கும் போகிறது. அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் எழுத்தில் வரும் குழப்பங்கள் சிலவற்றை நாங்களும் அறிந்திருப்பது நல்லது.

'1 – 2 குளிசை, 4 – 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை' என்று எழுதியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மணித்தியாலத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 4 குளிசை. 4 மணித்தியாலத்துக்கு இரண்டு என்றால் 12 குளிசை. பரசிற்றமோல் 500 மி.கி. குளிசை என்றால் முதலாவது 2 கிராம், மற்றது 6 கிராம். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் ஆகக்கூடிய அளவே 4 கிராம், அதாவது 8 குளிசைதான். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும், ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதிலும் குறைவு. அளவு மீறினால் ஈரல் பழுதடையும், அது முதல் நாளே வெளியில் தெரியவும் மாட்டாது. ஒரே வரிக்குள் இவ்வளவு வித்தியாசம். "நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை" என்ற நாலு சொல் சேர்ந்திருந்தால் இந்த ஆபத்து இல்லை.

எண்களிலும் குழப்பம் உண்டு. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும். அமெரிக்காவில் வைத்தியசாலைகளை மதிப்பிடும் கூட்டு ஆணைக்குழு, இப்படி எழுதக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்றை 2004இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மோர்பினுக்கு 'எம்.எஸ்.' என்று சுருக்கி எழுதுவதும் அதில் தடுக்கப்பட்டிருக்கிறது. ஏனென்றால் அதே எழுத்துகளை மக்னீசியம் சல்பேற் என்றும் வாசிக்கலாம். அது கர்ப்பகால வலிப்பு வந்த தாய்மாருக்குக் கொடுக்கும் மருந்து. பிரசவ விடுதி ஒன்றில் இந்த இரண்டையும் மாற்றி வாசித்தால் என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

எந்த வழியால் என்பதும் எழுதப்பட வேண்டும். சிசேரியனுக்குப் பின்னர் டைக்ளோபெனக் மருந்தை மலவாசல் வழியாக வைப்பது வழக்கம். மெழுகுத் துண்டு போல இருக்கும். வீட்டுக்குக் கொடுத்துவிட்ட உறையில் 'இரவு 1' என்று மட்டும் இருந்ததால், தண்ணீரோடு விழுங்கிய இளம் தாய் ஒருவரை எனக்குத் தெரியும். "பெரிய குளிசையாக் கிடக்கு, தொண்டையில ஒட்டுது" என்று மாமியாருக்குச் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மருந்தை எங்கே வைப்பது என்று சொல்ல, கொடுத்தவருக்கும் கூச்சம், கேட்க இவருக்கும் கூச்சம். எழுத்துக்குக் கூச்சம் இல்லையே, அதில் எழுதிவிட்டிருக்கலாம்.

எதற்காக என்பதை எழுதாமல் விடுவதால் வரும் துன்பத்தை நான் அதிகம் காண்பது அவயவம் இழந்த பெண்களிடம்தான். கால் இழந்த இடத்தில் மீண்டும் சத்திரசிகிச்சை செய்த பிறகு, இல்லாத பாதத்தில் எரிவும் குத்தும் வரும். இந்த நரம்பு வலிக்குப் பனடோல் அவ்வளவாக உதவாது. அமிற்றிப்ரிலின் என்ற குளிசையைச் சிறிய அளவில் இரவில் கொடுப்பார்கள். முதலில் மனச்சோர்வுக்காக வந்த மருந்து அது. ஒரு சகோதரிக்கு பாமசியில் நின்ற பொடியன் "இது மனநோய்க்குக் குடுக்கிறதல்லோ" என்று சொல்லிவிட்டான். அவர் வீட்டுக்கு வந்து அத்தனை குளிசையையும் கிணற்றடியில் கொட்டிவிட்டார். "நான் விசரி எண்டு அவையள் எழுதிப்போட்டினம்" என்று என்னிடம் அழுதார். 'நரம்பு வலிக்கு' என்ற இரண்டு சொல் துண்டில் இருந்திருந்தால் அந்த அழுகையும் இல்லை, அதற்குப் பிந்திய மாதக்கணக்கான வலியும் இல்லை.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவதையும் சொல்லவேண்டும். பனடோல் என்பது கம்பனி வைத்த பெயர், பரசிற்றமோல் என்பது மருந்தின் பெயர். வைத்தியசாலையில் கொடுத்த பரசிற்றமோலை நேரத்துக்குப் போட்டுவிட்டு, "தலையிடிக்கு" என்று கடையில் வாங்கிய பனடோலும் போட்டு, தடிமன் குளிசையும் போட்டால் மூன்றுக்குள்ளும் ஒரே மருந்துதான் இருக்கக்கூடும். மருந்தை அதன் சொந்தப் பெயரில் எழுதவேண்டும் என்று எமது நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, துண்டோடு வெளிப் பாமசிகளுக்கு அலைந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். மருந்தின் சொந்தப் பெயர் எழுதியிருந்த துண்டோடு போனவர், ஒரு கம்பனியின் குளிசை இல்லாவிட்டால் இன்னொன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். கம்பனிப் பெயர் மட்டும் இருந்த துண்டோடு போனவர் கடை கடையாக ஏறி இறங்கினார்.

டைக்ளோபெனக்கும் இபுபுறோபெனும் வேறு வேறு மருந்துகள். ஆனால் ஒரே குடும்பம். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம், இதய வருத்தம், இழுப்பு உள்ளவர்கள் மருந்து எழுதும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, வீட்டுக்குப் போன பின் காய்ச்சல் வந்தால் மிச்சமிருக்கும் இந்தக் குளிசைகளைத் தொடவேண்டாம். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இவை இரத்தப்போக்கைக் கூட்டும். சத்திரசிகிச்சைக் காயத்தால் வரும் காய்ச்சலும் இருக்கலாம். எதுவாயினும் வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். அவசரமென்றால் 1990 அம்பியூலன்ஸ் சேவை இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார் தாம் பால் கொடுப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். கோடீன், டிரமடோல் ஆகிய இரண்டையும் பால் கொடுக்கும் தாய்மாருக்குக் கொடுக்கவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2017இல் எச்சரித்திருக்கிறது.

இனி, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள். 'மூன்று நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு' என்று சொல்லி விடுவார்கள். சாப்பாட்டு நேரம் எமது வீடுகளில் எப்படி? காலை 8, பகல் 1, இரவு 8 என்று வைத்துக்கொண்டால் இரவுக்கும் காலைக்கும் இடையே 12 மணித்தியாலம். வலி கூடுவது அந்த நேரத்தில்தான். 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்றால் காலை 6, பகல் 2, இரவு 10 என்று வரவேண்டும். அதோடு, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தேநீரோடு காலையைக் கழிக்கிற பெண்கள் எத்தனை பேர்? சாப்பிடாததால் குளிசையும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பரசிற்றமோலை வெறும் வயிற்றிலும் போடலாம். டைக்ளோபெனக் போன்றதற்குத்தான் ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும், இரண்டு பிஸ்கட் என்றாலும். எது எதற்குச் சாப்பாடு வேண்டும் என்று தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மொழிப் பிரச்சினையையும் மறைக்க முடியாது. தூர இடத்துப் பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்பப்பட்ட அம்மா ஒருவரிடம் தாதி அன்பாகத்தான் "ரிதெனவாத?" என்று கேட்டிருக்கிறார். வலிக்கிறதா என்று அர்த்தம். அம்மா எதற்கென்று தெரியாமல் "இல்லை, இல்லை" என்று சிரித்திருக்கிறார். அதனால் அந்த நேரத்து ஊசி இல்லாமற் போய்விட்டது. 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மருந்து உறையில் தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேட்பது வீண் கரைச்சல் அல்ல. எழுதுவதற்கு ஆளில்லை என்றால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொல்லி, நாமே உறையில் எழுதிக்கொள்ளலாம்.

என்ன எழுதுவது? மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை, எந்த வழியால், எத்தனை மணிக்கு, நாளைக்கு எத்தனைக்கு மேல் கூடாது, எத்தனை நாளில் நிறுத்துவது. எழுத வாசிக்கத் தெரியாத அம்மாமார் இருந்தால் சூரியன், நிலா என்று கீறிக் கொடுக்கலாம். எழுதிய பிறகு தாதியிடமோ மருந்தாளரிடமோ "நான் விளங்கிக்கொண்டது சரியோ, பாருங்கோ மிஸ்" என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். இவர்களில் பெரும்பாலானோர் கோபிக்க மாட்டார்கள். கோபிக்கிற ஒருவர் இருந்தால், அவர் அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் நின்றுகொண்டிருக்கிறார் என்பதையும் நினைத்து, இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

முல்லைத்தீவு அக்காவை ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஓ.எல். படிக்கும் மகள் மூன்று உறைகளையும் வாங்கி, வாசலில் இருந்த வாங்கிலேயே வைத்து நீலப் பேனையால் எழுதத் தொடங்கினாள். "காலை 6, பகல் 2, இரவு 10" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, "அம்மா, இந்த மூண்டாவது உறையில 'வலிச்சால்' எண்டு கிடக்கு. நீங்கள் வலிக்குதெண்டு சொல்லமாட்டியள். நான் என்னெண்டு எழுத?" என்றாள்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "படியேறேக்க நோகுது. அதுக்குப் போடலாமோ எண்டு உள்ளுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வா" என்றார்.

மகள் உறையை எடுத்துக்கொண்டு விடுதிக்குள் ஓடினாள்.